புது டெக், பழைய சத்தமே தேவலையா? ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 7, சனி

ப்ரீஆம்பை (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் சுற்று) வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்த பழைய பெல்ட் டெக் (ரெக்கார்ட் பிளேயர்) இறங்கி, அந்த இடத்தில் டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 எம்.கே.7 ஏறியிருக்கிறது. கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியும் அதன் அசைவை மின்சாரமாக்கும் காயிலும் உள்ள சிறு பெட்டி, ஆர்டஃபான் 2எம் ப்ளூ. ஃபோனோ ப்ரீஆம்ப் தனிப் பெட்டி. கேட்டால் ஏமாற்றம்தான். பேஸ் மெலிந்திருக்கிறது. குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் மிதக்கிறது. ‘ஸ்’ வரும் இடமெல்லாம் காதைக் குத்துகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு கரகரக்கிறது.

எதையும் கழற்றுமுன் சத்த அளவைச் சமப்படுத்த வேண்டும். டெஸ்ட் ரெக்கார்டின் 1000 ஹெர்ட்ஸ் தடத்தை ஓட்டி, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்தால் பழைய டெக் 2.0, புதியது 1.6. ஏறக்குறைய 2 டெசிபல் குறைவு. இவ்வளவு போதும், காது ‘உயிரே இல்லை’ என்று தீர்ப்பு சொல்லிவிடும். மலிவு மீட்டர் 1000 ஹெர்ட்ஸில் துல்லியமாகக் காட்டாது, ஆனால் ஒப்பிடத்தானே, பரவாயில்லை.

வால்யூமைச் சமமாக்கியபின் உயிர் கொஞ்சம் வந்தது. நான்கு குறைகளும் அப்படியே இருக்கின்றன. ப்ரீஆம்பின் வயர் ஆம்ப்ளிஃபையரில் ஆக்ஸ் என்ற சாதாரண உள்ளீட்டில்தான் செருகியிருக்கிறது. உள்ளேயே இன்னொரு ப்ரீஆம்ப் உள்ள ஃபோனோவில் செருகியிருந்தால் பேஸ் மெலியாது, தட்டில் குறைத்து வெட்டிய பேஸை ஏற்றும் திருத்தம் இரண்டு முறை நடந்து ஊதிப் பெருத்து உடைந்திருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

பேஸ் இல்லை, குரல் மிதக்கிறது என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் ஃபேஸ் மேல்தான், அதாவது ஒரு சேனலின் அலை மற்றதற்குத் தலைகீழாக ஓடுகிறதா என்பதில். இரண்டு சேனலிலும் ஒரே ஒலி உள்ள மோனோ எல்பி ஒன்றைப் போட்டு, ஆம்ப்ளிஃபையரில் இரண்டு சேனலையும் கூட்டும் மோனோ பட்டனை அழுத்தியதும் பாட்டு ஏறக்குறைய மறைந்தது. தூசியின் சடசடப்பு மட்டும் மிஞ்சியது. ஒரு சேனல் தலைகீழ், இனி சந்தேகமில்லை. மோனோ பட்டன் இல்லாத ஆம்ப்ளிஃபையர் என்றால், பவரை அணைத்துவிட்டு ஒரே ஒரு ஸ்பீக்கரில் கூட்டல் கழித்தல் வயர்களை மாற்றிக் கேளுங்கள். பேஸ் திரும்பினால் அதே நோய்.

ஹெட்ஷெல்லில், அதாவது ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கை) கழற்றக்கூடிய முனையில், நான்கு வயர். வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். இங்கே சிவப்பும் பச்சையும் இடம் மாறியிருந்தன. ஊசிக்கு மூடி போட்டு, ஹெட்ஷெல்லைக் கழற்றி, மெல்லிய ட்வீசரால் வயரின் நுனியிலுள்ள உலோகக் குழலைப் பிடித்து இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் ஒட்டிய இடத்திலேயே அறும். குழல் லூசாக இருந்தால் தனியே எடுத்து லேசாக அமுக்கிக்கொள்ளலாம். கார்ட்ரிட்ஜில் வயர் செருகும் முனையில் மட்டும் சால்டரிங் இரும்பைக் காட்டவே கூடாது. சூடு உள்ளே காயில் வரை போகும்.

மாற்றிச் செருகியதும் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் வந்து நின்றது. பேஸும் கூடவே வந்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

கடைசிப் பாட்டின் கரகரப்பு. 33⅓ வேகத்தில் தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசியைக் கடந்து நொடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது. லேபிள் பக்கம், 60 மி.மீ. ஆரத்தில், வெறும் 21 செ.மீ. 10,000 ஹெர்ட்ஸின் ஒரு அலை வெளியே 0.05 மி.மீ. நீளம், உள்ளே 0.02 மி.மீ. நெளிவுகள் அப்படி நெருங்கிக் கிடக்கும் இடத்தில் ஊசி கொஞ்சம் கோணினாலும் கரகரக்கும்.

இந்த ஆர்முக்கு ஹெட்ஷெல்லின் பின்முனை ரப்பர் வளையத்திலிருந்து ஊசி நுனி வரை 52 மி.மீ. இருக்க வேண்டும். அளந்தால் 49.5. இரண்டு திருகையும் அரைச்சுற்று தளர்த்தி, கார்ட்ரிட்ஜை முன்னே தள்ளி, பக்கவாட்டில் நேராக்கி, ஒரு திருகு மாற்றி ஒரு திருகாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியாயிற்று. ஒன்றை மட்டும் முழுக்க இறுக்கினால் கார்ட்ரிட்ஜ் திரும்பிக்கொள்ளும்.

முன்னே தள்ளினால் ஊசி தட்டை அழுத்தும் எடையும் ஏறும். 7.2 கிராம் கார்ட்ரிட்ஜ் 2.5 மி.மீ. நகர்ந்ததற்குக் கணக்குப்படி 0.08 கிராம். ஆகவே எடையை மறுபடி முதலிலிருந்து வைக்க வேண்டும்: ஆன்டி-ஸ்கேட் (ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதை எதிர்க்கும் அமைப்பு) சுழி, ஆர்ம் காற்றில் மிதக்கும்வரை பின்எடையைத் திருகு, எண் வளையத்தை மட்டும் சுழிக்குத் திருப்பு, பிறகு எடையும் வளையமும் சேர்ந்து திரும்பும்படி 1.8 கிராம். இந்தக் கடைசிப் படியில் வளையத்தை மட்டும் திருப்பிவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. ஆன்டி-ஸ்கேட்டும் 1.8.

கரகரப்பு பெரும்பாலும் அடங்கியது. ‘ஸ்’ குத்துவது மட்டும் போகவில்லை.

ஜூன் 14, சனி

பழைய டெக்கில் ஆர்மின் அடியிலேயே ப்ரீஆம்ப் இருந்தது. புதியதில் நடுவே ஒன்றரை மீட்டர் வயர். வயர் நீள நீள அதன் கெபாசிடன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு, பைகோஃபாராடில்) ஏறும். இரண்டு முனையையும் பிடுங்கிவிட்டு நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் இடையே கெபாசிடன்ஸ் மீட்டரை வைத்தால் 190 பைகோஃபாராட். ப்ரீஆம்பின் அடியிலுள்ள கெபாசிடன்ஸ் சுவிட்ச் 220இல். ஆர்மின் உள்வயருக்கு 30 சேர்த்தால் 440. இந்தக் கார்ட்ரிட்ஜ் கேட்பது 150 முதல் 300 வரை.

காயிலின் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் அளவு) 700 மில்லிஹென்றி. 440 பைகோஃபாராடுடன் சேர்ந்தால் ஒத்ததிர்வு 9,000 ஹெர்ட்ஸில் விழுகிறது. அந்த இடத்தில் மேடு, அதற்கு மேல் சடாரென்று சரிவு. ‘ஸ்’ குத்துவதும் ஜால்ராவின் பளபளப்பு மங்குவதும் ஒரே தட்டில் நடப்பது இதனால்தான்.

சுவிட்ச் 100க்கு இறங்கியது. குறுகிய வயர் ஒன்று அளவில் 75. மொத்தம் 205, ஒத்ததிர்வு 13,300க்கு ஏறிவிட்டது. ‘ஸ்’ இப்போது வெறும் ‘ஸ்’. விலை உயர்ந்த வயர் வாங்கித்தான் தீர வேண்டும் என்பார்கள். நீளம் குறைந்ததும் பைகோஃபாராட் குறைந்ததும் போதும், பெயர் பலகை தேவையில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஆர்ம் உயரம். தட்டுக்கு இணையாக வைத்தாயிற்று. 230 மி.மீ. ஆர்மில் ஒரு மி.மீ. ஏற்றினால் கோணம் கால் டிகிரிதான் மாறும், இதில் நாள்கணக்கில் உட்கார வேண்டாம். லேசான உறுமல் இருந்தது. எர்த் வயரின் திருகு இறுகாமல் இருந்திருக்கிறது.

ஜூன் 21, சனி

இரண்டு டெக்கையும் 0.1 வோல்ட்டுக்குள் சமப்படுத்தி மறுபடி கேட்டாயிற்று. பேஸில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெரிகிறது. பியானோவின் நீண்ட சுரம் ஆடாமல் நிற்கிறது. ஒரே ஒரு எல்பி மட்டும், இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டில், இன்னும் கரகரக்கிறது. காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவியும் மாற்றமில்லை. பழைய டெக்கில் போட்டாலும் அதே இடத்தில் அதே கரகரப்பு. தேய்ந்த ஊசி எதுவோ எப்போதோ பள்ளத்தின் சுவரைச் சிதைத்திருக்கிறது. அந்தத் தட்டை இனிச் சோதனைக்கு எடுப்பதில்லை.