ரோத்தானைப் பற்றிப் பேசுமுன் வருகைப் பதிவேட்டைத் திறப்போம்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எந்தப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடந்தாலும், கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும் ஒருவர் எழுந்து, ஆசிரியர் கையிலிருந்து ரோத்தானை, அதாவது பிரம்பை, பிடுங்கியதால்தான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று முழங்குவார். பாதிக் கூட்டம் கை தட்டும். இடைநிலைப்பள்ளியில் பல ஆண்டுகள் கட்டொழுங்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், சிலர் ஆதரவு தேடி என் பக்கம் திரும்புவதும் உண்டு. நான் கை தட்டுவதில்லை. ரோத்தானை யாரும் பிடுங்கவில்லை என்பதே அதற்கு முதல் காரணம்.

பள்ளிக் கட்டொழுங்கு பற்றிய 1959-ஆம் ஆண்டு விதிமுறைகள் மெல்லிய பிரம்பால், உள்ளங்கையிலோ உடைக்கு மேலாகப் பிட்டத்திலோ, ஆண் மாணவர்களை மட்டும் அடிக்க இடம் தருகின்றன. அந்த அதிகாரம் தலைமையாசிரியருக்கும் அவர் பொறுப்பளித்த ஆசிரியருக்கும் மட்டுமே உரியது. மாணவிகளை அடிக்கவே கூடாது. 1995-இல் மலேசியா குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் சேர்ந்தபோதுகூட, கொடுந்தண்டனையைத் தடுக்கும் 37-ஆவது பிரிவுக்கு விலக்குக் கேட்டுத்தான் சேர்ந்தது. ஆகவே கூட்டத்தில் எழுந்து பேசும் பெரியவர் ஏக்கத்தோடு நினைத்துக்கொள்ளும் பள்ளி, அதாவது எந்த ஆசிரியரும் கைக்குக் கிடைத்த மரக்கோலால் எந்தப் பிள்ளையையும் விளாசிய அந்தப் பள்ளி, அவர் படித்த காலத்துச் சட்டத்துக்கே புறம்பானது.

இரண்டாவது காரணம் இது: என் அறைக்கு அனுப்பப்பட்ட மாணவர்களில் பெரும்பாலோரின் பெயர், அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வேறொரு பதிவேட்டில், வராதவர்களைக் குறிக்கும் வருகைப் பதிவேட்டில், ஏறியிருக்கும். முதலில் திங்கட்கிழமை மட்டும் வரமாட்டான். பிறகு வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். திரும்பி வரும் நாளில் பாடம் எங்கோ போயிருக்கும். புரியாத பாடத்தில் உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பையன் என்ன செய்வான்? பேசுவான், சிரிப்பான், அடுத்தவன் புத்தகத்தை இழுப்பான். அன்று வகுப்பில் இருக்கும் ஆசிரியர் அவனை என்னிடம் அனுப்புவார், நடத்தைக் குற்றம் என்று பதிவாகும். பொந்தேங் அடித்த, அதாவது பள்ளிக்கு மட்டம் போட்ட, அந்த முதல் திங்கட்கிழமையைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு வரியும் இருக்காது.

தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் முதல் எச்சரிக்கைக் கடிதம் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது நடைமுறை, போகத்தான் செய்கிறது. ஆனால் அது மலாயில் எழுதப்பட்டுத் தகப்பனார் பெயருக்கு அஞ்சலில் போகிறது. தகப்பனார் ஈப்போவில் இரவு ஷிப்ட் முடித்து வந்து உறங்கிக்கொண்டிருப்பார். கடிதத்தை வாங்கும் பாட்டிக்கு மலாய் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்ல வீட்டில் இருப்பவன் அந்தப் பையன் ஒருவன்தான். அவன் என்ன படித்துச் சொல்லியிருப்பான் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கடிதம் அனுப்பி நெடுநாள் கழித்து ஒரு வீட்டுக்குச் சென்றபோது, "வாத்தியாரே, நாந்தானே தினமும் காலையில அவன வேன்ல ஏத்தி விடுறேன்" என்று அந்த அம்மா என்னிடமே வழக்காடினார். அவர் பொய் சொல்லவில்லை. பையன் வேனில் ஏறினான். பள்ளி வாசலில் இறங்கி, மணி அடிக்குமுன் பின்வேலி வழியாக வெளியேறினான். வேன் ஓட்டும் அண்ணனுக்கு அது தெரியும். அவரிடம் யாரும் கேட்டதில்லை.

எல்பில், ஹேவூட், டோவன்பி போன்ற தோட்டங்களில் நம் குடும்பங்கள் லயங்களில் வாழ்ந்த காலத்தில், தாயும் தகப்பனும் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய்விட்டாலும், பள்ளி நேரத்தில் வெளியே திரியும் பிள்ளையைப் பார்த்து யாராவது ஒரு மாமா அதட்டியிருப்பார். (அதே மாமா பெல்ட்டையும் உருவியிருப்பார் என்பதை மறந்துவிட்டு அக்காலத்தைப் புகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.) இப்போது தோட்டத்து வேலையில் பெரும்பங்கை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செய்கிறார்கள், நம்மவர்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் இடம்பெயர்ந்துவிட்டார்கள். பகலில் அங்கே கதவுகள் பூட்டியிருக்கும். அதட்டுவதற்கு ஆளில்லாத அந்த நேரத்தை யார் நிரப்புகிறார்கள் என்பதைப் பேருந்து நிலையத்துப் பக்கம் நடந்து பார்த்தால் அறியலாம். பேனாவால் கையில் எழுதிக்கொள்ளும் குண்டர் கும்பல்களின் அடையாள எண்கள் அங்கிருந்துதான் பள்ளிக்குள் வருகின்றன. மின்சிகரெட்டும் அப்படித்தான், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதை விற்கக் கூடாது என்ற சட்டம் 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த பிறகும் பையன்களின் பென்சில் பெட்டிகளில் அது கிடைக்கிறது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை வகுப்புத் தலைவனாக இருந்து, தேவாரப் போட்டியில் பரிசு வாங்கிய பையன், மலாயில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெறாததால் இடைநிலைப்பள்ளியில் பெராலிஹான் என்னும் ஓராண்டு புகுமுக வகுப்புக்குப் போகிறான். அவனுடைய நண்பர்கள் நேராக முதலாம் படிவத்தில் உட்காருகிறார்கள். அங்கே அவனைப் பழைய பெயரோடும் பழைய பெருமையோடும் அறிந்தவர் ஒருவரும் இல்லை. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லியிருக்கக்கூடிய செய்தி, அவன் பின்வரிசையில் போய் அமர்ந்த பிறகும் வந்து சேர்வதில்லை. கல்வி அமைச்சின் இணையக் கட்டொழுங்குப் பதிவு முறையில் நற்செயல்களைப் பதிவதற்கும் இடம் இருக்கிறது; நான் பணியில் இருந்தவரை அதை மனமுவந்து நிரப்பிய ஆசிரியர்கள் மிகச் சிலரே, குற்றப் பகுதியோ உடனுக்குடன் நிரம்பிவிடும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ரோத்தான் பேச்சு எழுந்தால், நான் ஒரு தீர்மானத்தை முன்மொழிய இருக்கிறேன். வேன் ஓட்டுநர்களின் தொலைபேசி எண்களை வாங்கி வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே ஒட்டுவது. எச்சரிக்கைக் கடிதத்தோடு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பையும் இணைப்பது. மூன்றாம் நாள் மாலையில் பையனின் வீட்டுக்குப் போக ஓர் ஆசிரியரும் சங்க உறுப்பினர் ஒருவரும் முறைவைத்துக்கொள்வது. அவர்களின் பெட்ரோல் செலவைச் சங்கம் ஏற்பது. பணம் இல்லை என்று பொருளாளர் சொல்வார். ஆண்டு விருந்துக்கு வாடகைக்கு எடுக்கும் ஒலிபெருக்கிக்கும் மேடைக்கும் எவ்வளவு செலவாகிறது என்று அவரிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன்.