தண்ணீரை ஏப்ரலில் போய்ப் பாருங்கள்

குடிநீர்த் திட்டங்களைப் பார்வையிட வருகிறவர்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில்தான் வருவார்கள். வெயில் உறைக்காது, மண்சாலை காய்ந்திருக்கும், படகில் போவதும் சுகமாக இருக்கும். வங்கதேசத்தின் சாத்கீரா, குல்னா மாவட்டங்களில் ஒரு தொண்டு நிறுவனத்தின் தண்ணீர்ப் பிரிவில் வேலை பார்த்தபோது எனக்குத் தீராத ஆதங்கமாக இருந்தது இதுதான். அந்த மாதங்களில் குளம் நிறைந்து கிடக்கும். மழைநீர்த் தொட்டியின் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். படிவத்தில் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று டிக் விழும், எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டு டாக்காவுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அந்தப் பகுதி சுந்தரவனக் காட்டுக்கு வடக்கே, கடல் ஏற்றம் ஆற்றுக்குள் ஏறி வரும் இடம். 1960களிலிருந்து கரையோரம் முழுக்க மண் கரை எழுப்பி, 139 வளையங்களாக நிலத்தை அடைத்தார்கள். உள்ளே நெல் விளைந்தது. 1975இல் கங்கையின் குறுக்கே ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கியதும், கோடையில் ஆறுகளில் வந்துகொண்டிருந்த நன்னீர் குறைந்தது, உப்பு மேலே ஏறியது. 80களில் இறாலுக்கு நல்ல விலை கிடைக்கவே, கரையில் குழாயைச் செருகிப் பண்ணைக்காரர்களே உப்புத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். கடைசியில் 2009 மே 25 அன்று அய்லா புயல். காபுரா போன்ற ஊர்களில் கரை உடைந்தது. பல இடங்களில் அதை அடைக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. அதுவரை ஏற்றத்துக்கு ஏற்றம் கடல் ஊருக்குள் வந்து போனது. ஜனங்கள் கரையின் மேலேயே குடிசை போட்டு இருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த எல்லாரும் இந்தக் கஷ்டத்துக்குப் பருவநிலை மாற்றம் என்று ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். அதுவும் காரணம்தான். ஆனால் ஊர்க்காரர்களைக் கேட்டால் இறால் முதலாளியின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள்.

நிலத்தடி நீரை எடுக்கலாமே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். 1970களில் நாடு முழுக்க அடிபம்பு போட்டுத்தான் வயிற்றுப்போக்குச் சாவுகளைக் குறைக்கப் பார்த்தார்கள். 1993இல் அதே தண்ணீரில் ஆர்சனிக் என்ற விஷம் இருப்பது தெரிந்தது. விஷமுள்ள பம்புக்குச் சிவப்பு, குடிக்கலாம் என்ற பம்புக்குப் பச்சை என்று வண்ணம் அடிக்க வேண்டியதாயிற்று. கரையோரத்தில் அதோடு உப்பும் சேர்ந்துகொண்டது. பல ஊர்களில் எவ்வளவு ஆழம் போனாலும் உப்புதான். ஆக மிஞ்சுவது மழையும் குளமும்.

மழைநீர்த் தொட்டியின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தாலே விஷயம் புரியும். வீட்டுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் தொட்டி 2,000 லிட்டர். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்று வையுங்கள். 100 நாளில் தீர்ந்துவிடும். அக்டோபர் பாதியில் மழை நின்றால், ஜனவரி கடைசியில் தொட்டி காலி. அடுத்த நல்ல மழைக்கு மே கடைசி, ஜூன் ஆகிவிடும். அதாவது விருந்தாளிகள் கிளம்பிப் போனதும் தண்ணீரும் கிளம்பிவிடும். தொட்டி கெட்டுப்போகவில்லை, திட்டமும் பொய்யில்லை. நாலு மாதத்துக்குத் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.

அந்த நாலு மாதமும் குளத்து மணல் வடிகட்டிதான் கதி. ஊரில் எல்லாரும் அதை ‘பில்டர்’ என்பார்கள். குளக்கரையில் சிமெண்ட் தொட்டி, அதன் தலையில் ஒரு அடிபம்பு. அடித்தால் குளத்து நீர் முதலில் செங்கல் ஜல்லி வழியாகவும் பிறகு மணல் வழியாகவும் இறங்கி, கீழே குழாயில் வரும். மின்சாரம் வேண்டாம், மருந்து வேண்டாம். ஆனால் மணலின் மேல்பரப்பில் வழவழவென்று பச்சைப்படலம் கட்டும். கிருமியைப் பிடிப்பது பெரும்பாலும் அதுதான். அதுவே தடித்துவிட்டால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அப்போது மேல் மணலை வழித்தெடுத்து, அலசிப் போட வேண்டும். கோடையில் குளம் வற்றிக் கலங்கும்போது இந்த வேலை அடிக்கடி வரும். யார் செய்வது? கமிட்டியில் ஆண்கள் பெயர் இருக்கும், மணல் அலசுவது பெண்கள்.

ஒரு ஏப்ரலில் ஷியாம்நகர் பக்கம் ஒரு பில்டர் முன்னால் குடங்கள் வரிசை கட்டி நின்றன. அந்த ஊருக்கும் ஏப்ரல் 14தான் புத்தாண்டு, நமக்குச் சித்திரை பிறக்கிற அதே நாள்; வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிற நேரம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை எடுத்துக் குளத்தில் விட்டேன். ஒரு வயதான அம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்து, “போன வாரத்தைவிடக் கரிக்குது பாய், உங்க மிஷினு என்ன சொல்லுது?” என்றார். மீட்டரும் அதையேதான் சொன்னது. பக்கத்திலிருந்த மருமகள், “மாசமா இருக்கேன் ஆபா, நான் கம்மியாத்தான் குடிக்கிறேன்” என்று என்னுடன் வந்த சுகாதாரப் பணியாளரிடம் சொன்னாள். குல்னாவின் டாகோப் பகுதியில் கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வுகள், உப்பு கூடிய குடிநீருக்கும் அவர்களின் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியிருக்கின்றன. அதற்காகத் தண்ணீரையே குறைத்துக் குடிப்பது இன்னொரு ஆபத்து.

உப்பகற்றும் ஆர்ஓ ஆலைகளும் வந்திருக்கின்றன. காசு கொடுத்தால் நல்ல தண்ணீர். கழிவாகும் கூடுதல் உப்பு நீர் மறுபடி வாய்க்காலுக்கே போகிறது.

கழிப்பறைக்கு மாதம் வேறு. வங்கதேசம் இதில் பெருமைப்படலாம்: 1990இல் நூற்றில் 34 பேர் வெளியே போய்க்கொண்டிருந்த நாட்டில், 2015இல் அது ஏறக்குறைய 1 ஆகிவிட்டது. மானியம் தராமல், ஊரைக் கூட்டிப் பேசியே பழக்கத்தை மாற்றும் முறை 1999-2000 வாக்கில் ராஜ்ஷாஹி பக்கத்து மொஸ்மொயில் என்ற சின்னக் கிராமத்தில்தான் பிறந்தது. ஆனால் ஆகஸ்டில் போய்ப் பாருங்கள். சிமெண்ட் உறை இறக்கிய குழிக்குள் வெள்ளம் ஏறி, நிறைந்து வழிந்து குளத்தில் சேரும். சில வீடுகளில் கோப்பைக்குக் கீழே வளைந்திருக்கும், தண்ணீர் தங்கி நாற்றத்தையும் ஈயையும் தடுக்கும் தண்ணீர்ப் பூட்டைக் கம்பியால் உடைத்துவிட்டிருப்பார்கள். இரண்டு வாளி ஊற்றினாலும் போகவில்லை, வாய்க்காலிலிருந்து யார் சுமப்பது என்பார்கள். மேலே பார்த்தால் அது முறையான கழிப்பறை, டிக்கும் விழும். குழியையும் மேடையையும் அய்லா வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டினால் பிரச்சினை பாதி தீரும், செலவு கூடும்.

உலகில் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வசதி இல்லை என்று 2022ஆம் ஆண்டுக்கான ஐ.நா. கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்கின் விதிகளில் ஒன்று, ‘தேவைப்படும்போது கிடைக்க வேண்டும்’. காகிதத்தில் விதி சரியாகத்தான் இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தார்கள்: எந்த மாதம் பார்த்தது. தண்ணீரை ஏப்ரலில், கழிப்பறையை ஆகஸ்டில் பார்ப்பது என்று முடிவானது. அந்த ஆண்டு ‘இயங்கவில்லை’ பட்டியல் மளமளவென்று நீண்டது. ஒரே வருஷத்தில் திட்டம் எப்படி இவ்வளவு மோசமானது என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெயில் வந்தது. போன வருஷம் ஜனவரியில் பார்த்தோம், இந்த வருஷம் ஏப்ரலில் பார்த்தோம், பில்டர்கள் அதே பில்டர்கள்தான் என்று பதில் எழுதினோம். மணல் அலசுகிறவர்களுக்கு மாதக் கூலி கேட்டு, அந்தப் பதிலோடு ஒரு செலவுக் கணக்கையும் இணைத்து அனுப்பினோம்.