கடலூரில் பழைய அரிசி ஆலை இடத்தைக் குடியிருப்பாக மாற்ற நாங்கள் பட்ட பாடு

அரசிதழ் நகல் போன வாரம் கைக்கு வந்துவிட்டது. எங்கள் ஆலை இடம் இனித் தொழிற்சாலை உபயோகம் இல்லை, குடியிருப்பு உபயோகம். நிம்மதிதான். ஆனால் அலைந்த அலைச்சலும் வாங்கிய பேச்சும் இன்னும் ஆறவில்லை. கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் இதேபோல் பூட்டிக் கிடக்கும் ஆலையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

திருவந்திபுரம் போகும் வழியில் எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் நடத்திய புழுங்கல் அரிசி ஆலை அது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கூரைத் தகடுகளைப் பிய்த்துக்கொண்டு போன பிறகு ஆலை திறக்கப்படவே இல்லை. சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன. நடுவில் எங்கள் இடம் மட்டும் சீமைக்கருவேலம் மண்டி, பாம்புக்குப் பயந்து யாரும் உள்ளே போகாத நிலையில் கிடந்தது. மனை பிரிக்கலாம் என்று முடிவெடுத்தபோதுதான், முழுமைத் திட்டத்தில் (எந்த இடம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளான்) அந்த இடம் தொழிற்சாலை உபயோகம் என்று இருப்பதால் முதலில் நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும் என்று தெரிந்தது.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பட்டாவில் நன்செய், புன்செய் என்று இருப்பது வருவாய்த் துறையின் வகைப்பாடு. முழுமைத் திட்டத்தில் தொழிற்சாலை, குடியிருப்பு, விவசாயம் என்று இருப்பது நகர் ஊரமைப்பின் வகைப்பாடு. இரண்டும் வேறு வேறு. சொத்து வரி ரசீதையும் மின் இணைப்பு அட்டையையும் காட்டி இரண்டையும் மாற்றிவிடலாம் என்று சொல்லும் தரகர்களை நம்பாதீர்கள். எங்களிடமும் ஒருவர் வந்தார். முன்பணம் கேட்டார். தம்பி தொலைபேசியிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

வாரிசுச் சான்றிதழ், தம்பி சிங்கப்பூரில் இருப்பதால் அவனிடமிருந்து பொது அதிகார ஆவணம், மூல ஆவணங்கள் எல்லாம் சிரமமில்லாமல் முடிந்தன. வில்லங்கச் சான்றில் மட்டும் அப்பா வங்கியில் வாங்கிய பழைய கடனின் அடமானப் பதிவு அப்படியே நின்றது. கடன் எப்போதோ அடைத்தாகிவிட்டது, ரசீது ஆவணம்தான் பதிவாகவில்லை. வங்கி மேலாளர் ஒருவர் நல்லவிதமாக உதவினார். அதுவும் தீர்ந்தது.

சிக்கல் முழுவதும் ஓர் உட்பிரிவில் வந்து நின்றது. ஆலைக் கட்டடம் 2ஏ. அதை ஒட்டிய நெற்களம் 2பி. களம் என்றால் சிமெண்டுத் தரை போட்டு, நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் அமைத்து, ஓரத்தில் வடிகால் விட்ட இடம். அங்கே நான் சிறுமியாகச் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். அந்த 2பி, பட்டாவில் நன்செய். அந்த நிலத்தை வயலாகத்தான் வாங்கியிருக்கிறார்கள். 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். என்னும் நிலப் பதிவேடு புதுப்பிப்பு அளவையில், அங்கே களம் இருந்தபோதும், பழைய வகைப்பாட்டையே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குப் பின் யாரும் அதைப் பார்க்கவில்லை, பார்க்கவேண்டிய தேவையும் எங்களுக்கு வரவில்லை.

கோப்பு சுற்றிவந்த அலுவலகங்களில் ஒன்றில் இதைக் கையில் எடுத்துக்கொண்டார் ஒரு பிரிவு எழுத்தர். "அம்மா, இது நன்செய். நன்செய் நிலத்தை வீட்டுமனை ஆக்க முடியாது" என்றார். சிமெண்டுக் களம் ஐயா, புகைப்படம் பாருங்கள் என்றேன். பார்க்கவில்லை. எந்த விதியின்படி முடியாது என்று கேட்டேன். "மேலே கேளுங்கள்" என்றார். மேலே கேட்டால் "பிரிவில் குறிப்பு வைக்கட்டும்" என்றார்கள். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டபோது, "இதெல்லாம் எழுத்தில் தருவதில்லை அம்மா" என்ற பதில்தான் என்னை மிகவும் எரித்தது. மறுப்பதானால் காரணம் எழுதி மறுக்க வேண்டும். வாயால் மட்டும் சொல்லி ஒரு குடும்பத்தை மாதக்கணக்கில் நடக்கவைப்பது எந்த விதத்தில் நியாயம்?

நன்செய் என்றால் முடியவே முடியாது என்பது உண்மையில்லை. வேளாண்மை இணை இயக்குநரின் தடையின்மைச் சான்று வேண்டும், அவ்வளவுதான். இதை அதே கட்டடத்தில் வேறு பிரிவில் இருந்த ஒரு கண்காணிப்பாளர் அம்மா ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். "வகைப்பாட்டைத் திருத்தப் போனால் கோப்பு கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று போகும். அதையும் போட்டுவையுங்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்காமல் வேளாண்மைத் துறைச் சான்றை வாங்கிவிடுங்கள். களம் எப்போது போட்டது என்பதற்கு ஆதாரம் இருந்தால் கொண்டுபோங்கள்" என்றார். அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும்.

ஆதாரம் எங்கே தேடுவது? கிராமக் கணக்கில் எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல் பழையது கிடைக்கவில்லை. வங்கி திருப்பித் தந்த ஆவணக் கட்டைச் சித்தப்பா மறுபடி பிரித்துப் பார்த்தபோது, அதற்குள் மடித்த நீல வரைபடம் ஒன்று இருந்தது. தொழிற்சாலைகள் சட்டத்தின்கீழ் ஒப்புதல் பெற்ற ஆலை வரைபடம். கொதிகலன் அறை, புகைபோக்கி, ஊறல் தொட்டிகள், களம் எல்லாம் அளவோடு போட்டு, களத்தின்மேல் புல எண்ணும் எழுதி, மூலையில் முத்திரை. கூடவே 1958ஆம் ஆண்டு அரிசி ஆலைச் சட்டத்தின்கீழ் வழங்கிய உரிமத்தின் நகல். அந்தச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டதால், அந்தக் காகிதத்துக்கு இனி மதிப்பில்லை என்று எத்தனை ஆலைக்காரர்கள் கிழித்துப் போட்டார்களோ! தயவுசெய்து கிழிக்காதீர்கள். நிலம் எப்போதிலிருந்து ஆலையாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

வேளாண்மை அலுவலர் நேரில் வந்தார். களத்தின் மேல் நடந்து பார்த்தார், வரைபடத்தை விரித்து அளவுகளை ஒப்பிட்டார், சாகுபடிக்கு வாய்ப்பில்லை என்று எழுதிக்கொண்டு போனார். சான்று வந்துவிட்டது. அன்று சித்தப்பா கடையில் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் கோப்பு நகரவில்லை. "உங்கள் இடத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்கள். என்ன சிக்கல் என்று சொல்லவில்லை. இந்த முறை நான் கெஞ்சவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கோப்பின் அன்றைய நிலையும் அதில் உள்ள குறிப்புத் தாள்களின் நகலும் வேண்டும் என்று எழுதினேன். முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும், தந்தார்கள். படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. தல ஆய்வுக்கு வந்தவர், "வளாகத்தினுள் நீர்நிலை உள்ளது" என்று எழுதியிருக்கிறார்.

அது நெல் ஊறவைக்கும் தொட்டி! செங்கல் கட்டி உள்ளே சிமெண்டு பூசிய தொட்டிகள். கூரை போன பிறகு மழைநீர் தேங்கி, சம்பு முளைத்து, தவளை கத்திக்கொண்டிருந்தது. ஆய்வு நடந்தது ஐப்பசி அடைமழையில். வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் யாருக்கும் குட்டை மாதிரிதான் தெரியும். ஆனால் உள்ளே வந்து பார்க்கவேண்டியது அவர் கடமை அல்லவா? நீர்நிலை விஷயத்தில் அதிகாரிகள் கடுமையாக இருப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன், இந்த ஊரில் அது அவசியம். ஊறல் தொட்டியைப் பார்த்து நீர்நிலை என்று எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தொட்டிகளின் அடியில் மடைத் துளை உண்டு. அதில் அந்தக் காலத்தில் அடைத்த சாக்கும் தக்கையும் இறுகிக் கல்லாகிவிட்டிருந்தன. சித்தப்பா கடப்பாரையால் குத்தி எடுத்தார். நீர் முழுவதும் வடிந்து, பூச்சுச் சுவரும் உள்ளே இறங்கும் இரும்புப் படியும் வெளியே தெரிந்தன. தேதியோடு புகைப்படம் எடுத்து, நீல வரைபடத்தில் அதே இடத்தில் தொட்டி என்று எழுதியிருப்பதை வட்டமிட்டு, மறு ஆய்வு கோரி மனு கொடுத்தோம். மனுவின் நகலைத் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்கினோம். அடுத்து வந்தவர் இளைஞர், தொட்டிக்குள்ளேயே இறங்கிப் பார்த்தார். குறிப்பு திருத்தப்பட்டது.

ஆகவே ஆய்வுக்கு முன்பே முள்ளை வெட்டி வழி செய்துவிடுங்கள். எல்லைக் கற்களைத் தோண்டி வெளியே தெரியும்படி சுண்ணாம்பு அடியுங்கள். தொட்டி, குழி, பாழுங்கிணறு எது இருந்தாலும் அது என்ன என்று ஒரு பலகை எழுதி வையுங்கள். ஆய்வாளர் வரும் நாளில் குடும்பத்தில் விவரம் தெரிந்த ஒருவர் கட்டாயம் அங்கே இருக்க வேண்டும்.

வெள்ளம் பற்றிய சான்றுக்கு நான் அதிகம் பயந்திருந்தேன். கெடிலம் பக்கத்தில், தென்பெண்ணையும் தூரமில்லை. 2015 மழையும், 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை ஊருக்குள் புகுந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் இந்தக் கட்டம்தான் ஒழுங்காக நடந்தது. வந்த பொறியாளர் மட்டக் கருவி வைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற கறையை அளந்தார், அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்தார். மண் நிரப்பி மட்டம் உயர்த்த வேண்டும், ஓரத்து வாய்க்காலைத் தொடக்கூடாது, அதை ஒட்டி இடம் விட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். செலவுதான், ஆனால் நியாயமான செலவு. இந்த இடத்தில் வீடு கட்டப் போகிறவர்களின் பிள்ளைகள் இரவில் தண்ணீரில் நிற்கக் கூடாது.

பிறகு ஆட்சேபனை கோரும் அறிவிப்பு. நாளிதழில் வந்த அன்று காலையில் ஆசையோடு வாங்கிப் பார்த்தால், 2ஏ, 2பி என்று இருக்கவேண்டிய இடத்தில் 2ஏ, 2ஏ. நாங்கள் கொடுத்த மனுவில் சரியாக இருந்ததைத் தட்டச்சு செய்தவர் மாற்றிவிட்டார். "ஓர் எழுத்துதானே அம்மா, போகட்டும்" என்றார்கள். போகவிட்டிருந்தால் களம் மட்டும் என்றென்றைக்கும் தொழிற்சாலையாகவே நின்றிருக்கும். திருத்த அறிவிப்பு வெளியிடவைத்தோம். கெடு மறுபடி முதலிலிருந்து ஓடியது. வரைவு அனுப்பும் முன் ஒரு முறை காட்டுங்கள் என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

இந்தப் பாடம் கடைசியில் கைகொடுத்தது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் 32(4) பிரிவின்கீழ் அரசிதழில் வரும் அறிவிக்கையில் புல எண் இரண்டு இடத்தில் வரும். தொழிற்சாலைத் தலைப்பின்கீழ் நீக்கம், குடியிருப்புத் தலைப்பின்கீழ் சேர்ப்பு. ஒன்றில் சரியாகவும் மற்றதில் தவறாகவும் இருந்தால் மனைப்பிரிவு ஒப்புதலின்போது மாட்டிக்கொள்வீர்கள். எங்களுடையதைத் தங்கை சத்தமாக வாசிக்க, நான் பட்டாவை வைத்து ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தேன். 2ஏ, 2பி, இரண்டு இடத்திலும் சரி.

அடுத்தது மனைப்பிரிவு ஒப்புதல். எங்கள் இடம் 3,000 சதுர மீட்டருக்கு மேல் இருப்பதால், சாலை போக மீதியில் பத்து விழுக்காடு திறந்தவெளி ஒதுக்க வேண்டும், ரெரா (மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவும் வேண்டும். ஒப்புதல் இல்லாத மனையைப் பதிவு செய்ய முடியாது என்பதால் அதற்கு முன் யாரிடமும் முன்பணம் வாங்குவதில்லை என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம். நீல வரைபடத்துக்கு மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறேன். அசல் யார் கேட்டாலும் காட்டுவேன், கொடுக்க மாட்டேன்.