பேவர் பிளாக் பெயராமல் சேறு வார ஒரு வழி கிடைத்தது

பேவர் பிளாக் போட்ட பாதையில் பல் வைத்த பக்கெட்டோடு ஜேசிபியை இறக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் மணலி புதுநகரில் வடிந்த பிறகு, எங்கள் குடோன் பாதையில் சேறு வார வந்த வண்டி சேற்றோடு கல்லையும் பெயர்த்துவிட்டது. ஒரு கல் போனால் அடிமணல் கரையும், பக்கத்துக் கல் ஆடும், அப்புறம் வரிசையே இறங்கிவிடும். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

இந்த மழைக்கு எங்களிடம் இருக்கும் சின்ன டிராக்டரிலேயே, சேற்றை வழிக்கும் அகலமான இரும்புத் தகடான பின்பக்க பிளேடு மாட்டுவது என்று முடிவெடுத்தோம். வழி சொன்னது கனடாவில் இருக்கும் மச்சான். அங்கே டிராக்டரில் ஸ்நோ ப்ளோயர் மாட்டித்தான் வீட்டுப் பாதையில் பனியை அள்ளி வீசுகிறார்கள். அதன் இரண்டு ஓரத்திலும் சறுக்கு ஷூ இருக்கும். தரையில் உரசுவது ஷூதான், வெட்டுகிற விளிம்பு இல்லை. "தார் பாதைக்குக் கொஞ்சம் இடைவெளி போதும் மச்சான். ஜல்லிப் பாதைன்னா இன்னும் தூக்கி வைக்கணும், இல்லேன்னா கல்லையும் வாரி அடிக்கும்" என்றார். அதே மாதிரி ஷூவை நம் பிளேடுக்கும் போட்டால் என்ன என்று தோன்றியது.

அலையவிட்டது பிளேடு வாடகைக்குக் கொடுத்தவர். போனில் "எந்த டிராக்டருக்கும் சேரும் சார்" என்று அடித்துச் சொன்னார். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்து இறக்கினால், டிராக்டரோடு பிளேடை இணைக்கும் இரும்பு பின் (pin) உள்ளேயே நுழையவில்லை. எங்கள் வண்டியின் பின்னால் பிளேடைத் தாங்கும் கீழ்க் கைக்கு 22 மி.மீ. பின் வேண்டும். அவர் கொடுத்ததில் இருந்தது பெரிய டிராக்டருக்கான 28 மி.மீ. பின். திருப்பிக் கொண்டுபோனால், "எடுத்துட்டுப் போனா வாடகை வாடகைதான்" என்று அட்வான்ஸையும் பிடித்துக்கொண்டார். பின்னை வெர்னியர் அளவுகோலில் அளக்காமல் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். பின் சின்னதாக இருந்தால் புஷ் என்கிற இரும்பு வளையம் போட்டுச் சமாளிக்கலாம். பெரிதாக இருந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

கடைசியில் பழைய பிளேடு ஒன்றை விலைக்கே வாங்கி, மாதவரத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அந்த அண்ணன் கைக்கு மோதிரம் போடலாம். பின்னை மாற்றினார், தடித்த இரும்புப் பட்டையில் இரண்டு ஷூ செய்தார். கட்டுமரத்து முனைபோல முன்பக்கத்தை மேலே வளைத்துக் கொடுத்தார். நேராக விட்டால் கல்லின் விளிம்பில் குத்தும். பழைய கன்வேயர் பெல்ட் துண்டை பிளேடின் அடியில் போல்ட் போடச் சொன்னதும் அவர்தான். இரும்பு தொடாத சேற்றை அந்த ரப்பர் வழித்துவிடுகிறது.

உயரம் வைப்பது சுலபம். சமதரையில் பிளேடின் விளிம்புக்குக் கீழே 12 மி.மீ. ப்ளைவுட் வைத்து, ஷூவைத் தரையில் படியவிட்டு போல்ட்டை முறுக்கினால் போதும். அதற்குப் பிறகுதான் கவனம் வேண்டும். ஷூவின் முனையோ குதியோ மட்டும் தரையில் பட்டால் கல்லில் கோடு விழும். அடிப்பாகம் முழுக்கப் படியும்வரை, பிளேடை மேலே பிடித்திருக்கும் டாப் லிங்க் கம்பியைத் திருகுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால், கீழ்க் கையைத் தூக்கும் லிஃப்ட் ராடில் சரிசெய்யுங்கள். ஓட்டும்போது, பிளேடை ஏற்றி இறக்கும் பொசிஷன் கண்ட்ரோல் லிவரை முழுக்க இறக்கிவிட வேண்டும். பாதி உயரத்தில் நிறுத்தினால் எடை ஷூவுக்கு வராது, மேடு பள்ளத்தில் பிளேடு ஓரிடத்தில் தொங்கும், இன்னோரிடத்தில் கொத்தும்.

சாக்கடை மூடி இருக்கும் இடத்தில் எல்லாம் முன்கூட்டியே குச்சி நட்டு வையுங்கள். ஸ்நோ ப்ளோயர் எதிலாவது மாட்டினால் ஷியர் போல்ட் முதலில் உடைந்து கியர் பாக்ஸைக் காப்பாற்றும். நம் பிளேடில் அப்படி எதுவும் கிடையாது, மூடியின் விளிம்பில் மோதினால் டிராக்டரின் கீழ்க் கையே வளையும். சேறு ஈரமாக இருக்கும்போதே வாரிவிடுங்கள், காய்ந்தால் ரப்பருக்கு அசையாது. மழைநீர் வடிகாலுக்குள் மட்டும் தள்ளிவிடாதீர்கள், அடுத்த மழைக்கு அதே தண்ணீர் நம் வாசலில் நிற்கும்.

இந்த முறை ஒரு கல்கூட அசையவில்லை! கழுவிய பிறகு இடுக்குகளில் மணல் தூவிப் பெருக்கிவிட்டோம், அவ்வளவுதான். அட்வான்ஸ் மட்டும் இன்னும் வரவில்லை. ரசீது கையில் இருக்கிறது, விடப்போவதில்லை.