கன்டெய்னருக்குள் ஒரு நோட்புக்

ஓராண்டுக்கு முன் சரியாக ஓடிய என் ஜுப்பிட்டர் நோட்புக் ஒன்று (பைதான் நிரலைச் செல் செல்லாக எழுதி இயக்கும் கோப்பு), எண் கணக்கீட்டு லைப்ரரியான நம்பை 2.0 நிறுவப்பட்ட பிறகு முதல் இம்போர்ட் வரியிலேயே நின்றுவிட்டது. பழைய நம்பைக்கெனத் தொகுக்கப்பட்ட லைப்ரரிகளைப் புதிய பதிப்பு ஏற்கவில்லை. இனி ஒவ்வொரு திட்டத்தையும் தனி டாக்கர் கன்டெய்னருக்குள், அதாவது தனக்கு வேண்டிய லைப்ரரிகளோடு மற்றவற்றிலிருந்து பிரிந்து ஓடும் சூழலுக்குள், வைத்துவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

ஜுப்பிட்டர் திட்டத்தினர் வெளியிடும் ஆயத்த இமேஜ்களில் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சுகள்), இயந்திரக் கற்றல் லைப்ரரியான பைடார்ச் உள்ளதை எடுத்துக்கொண்டேன். நோட்புக்கை உலாவியில் திறக்க உதவும் 8888 என்ற போர்ட்டை வெளியே திறக்கும்போது அதை, என் கணினியை மட்டும் குறிக்கும் 127.0.0.1 முகவரியோடு மட்டும் இணைத்தேன். அந்த முகவரியைக் குறிப்பிடாவிட்டால் டாக்கர் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் போர்ட்டைத் திறந்துவிடும். உள்ளே நுழைய டோக்கன் என்ற ரகசியச் சரம் தேவை என்றாலும், நிரலை இயக்கத் தரும் ஒரு வாசலை அப்படி விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, என் கோப்புறையை உள்ளே இணைத்தும் நோட்புக்கைச் சேமிக்க முடியவில்லை. அனுமதி இல்லை என்ற பிழையே வந்தது. உள்ளே இருக்கும் ஜோவியன் என்ற பயனரின் எண் 1000, என் கணினியில் என் எண் 1001. லினக்ஸ் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. கன்டெய்னரை முழு அதிகாரமுள்ள ரூட் பயனராகத் தொடங்கி, என் எண்ணைச் சூழல் மாறியாகக் கொடுத்ததும் அது தீர்ந்தது.

என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது பஸ் எரர் என்ற நினைவகப் பிழைதான். நோட்புக்கில் மாடலுக்குப் பயிற்சி தொடங்கிய சில நொடிகளில், தரவை ஏற்றும் துணைச் செயல்முறைகள் செத்து விழுந்தன. கணினியின் நினைவகமோ பாதிக்கு மேல் காலியாக இருந்தது. கன்டெய்னருக்குள் டெர்மினலைத் திறந்து பார்த்தபோதுதான், டாக்கர் இயல்பாகத் தரும் பகிர்வு நினைவகம் வெறும் 64 எம்பி என்பது தெரிந்தது. துணைச் செயல்முறைகள் ஆயத்தமான தரவை முதன்மைச் செயல்முறைக்கு அந்த இடத்தின் வழியாகத்தான் கைமாற்றுகின்றன. 224க்கு 224 அளவுள்ள வண்ணப் படம் ஒன்று, ஒவ்வொரு மதிப்புக்கும் 4 பைட் வீதம், ஏறத்தாழ 0.6 எம்பி ஆகிறது. 64 படங்கள் கொண்ட ஒரு பேட்ச் 38 எம்பியைத் தாண்டுகிறது. நான்கு செயல்முறைகள் தலா இரண்டு பேட்ச்களை முன்கூட்டியே எடுத்துவைத்தால் 300 எம்பிக்கு மேல் வேண்டும். பிழைச் செய்தி இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கும்! கன்டெய்னரைத் தொடங்கும் கட்டளையில் பகிர்வு நினைவகத்தை 2 ஜிபி என்று குறிப்பிட்டேன். அதன்பின் அந்தப் பிழை வரவே இல்லை.

கிராபிக்ஸ் செயலியான ஜிபியூ இவ்வளவு சிரமம் தரவில்லை. டிரைவர் கணினியில்தான் இருக்க வேண்டும், ஜிபியூவில் கணக்கிட உதவும் கூடா லைப்ரரிகள் இமேஜுக்குள் இருந்தால் போதும். என்விடியாவின் கன்டெய்னர் கருவித்தொகுப்பு இரண்டையும் இணைத்துவிடுகிறது.

உள்ளே பிப் என்ற நிறுவு கருவி வழியாக நிறுவிய லைப்ரரிகள் கன்டெய்னரை நீக்கியதும் போய்விட்டன. ஆகவே அவற்றை, நம்பை 1.26.4 உட்பட, பதிப்பு எண்ணோடு, இமேஜைக் கட்டும் கட்டளைகள் கொண்ட டாக்கர்ஃபைலில் எழுதினேன். அந்தக் கோப்பை மட்டும் கொண்டு வேறொரு கணினியில் இமேஜைக் கட்டியபோது, பழைய நோட்புக் முதல் செல்லிலிருந்து கடைசி செல் வரை நிற்காமல் ஓடியது.