விளக்கழகு கண்ட திருமறைக்காடு

'திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு' என்பது சோழநாட்டார் வழிவழியாகச் சொல்லிவரும் வாக்கு. அணையவிருந்த திரியை நெய் உண்ண வந்த எலியொன்று தன்னையறியாமல் தூண்டிவிட, அந்தப் புண்ணியத்தால் அது மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்பது திருமறைக்காடு எனப்படும் இந்த வேதாரண்யத் தலத்துப் புராணம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இப்பகுதியில் கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. விளக்குக்குப் பேர்போன ஊரும் இருளில் மூழ்கியது. கடல் கொண்டுவந்து கொட்டிய சேறு படிந்து கிடந்த அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் இப்போது மீண்டும் உப்பு வாருகிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்குள் நுழைந்தேன்.

மறைக்காட்டுநாதரின் லிங்கத் திருமேனிக்குப் பின்னே அம்மையப்பர் மணக்கோலத்தில் காட்சி தருகின்றனர். மறைகள் பூசித்து அடைத்துச் சென்ற கதவு திறக்க, அப்பர் பெருமான் பதிகம் முழுவதையும் பாட வேண்டியிருந்தது. அதை மூடச் சம்பந்தருக்கு முதற்பாடலே போதுமானதாக இருந்தது. சம்பந்தரின் பெருமைக்குச் சான்றாகவே இதைச் சொல்வார்கள். எனக்கோ, தோளில் உழவாரம் தாங்கிய அந்த முதியவர், கதவு அசையாதபோதும் பாட்டை நிறுத்தாமல் நின்றதே பெரிதாகப் படுகிறது.

பிராகாரத்தில் பக்கத்துக் கிராமத்துத் தம்பதியர், துணி விரித்து ஒரு தேங்காய்க் குலையை வைத்திருந்தார்கள். காம்பில் மஞ்சள் பூசி, ஒவ்வொரு காய்க்கும் குங்குமம் இட்டிருந்தார் அந்த அம்மா. புயலில் தோப்பு முழுவதும் வேரோடு சாய்ந்த பிறகு, மட்கும் மரங்களில் காண்டாமிருக வண்டு பெருகிப் புதுக்கன்றுகளைத் தாக்கும் என்பதால், அறுத்து அப்புறப்படுத்தவே மாதக்கணக்கில் ஆயிற்றாம். பிறகு கன்று நட்டு, இடையில் உளுந்தும் கடலையும் போட்டுக் காலம் தள்ளியிருக்கிறார்கள். நெட்டைத் தென்னை பலனுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். இது முதல் குலை.

"காய் சாமிக்குங்க. விளக்கு மட்டும் அந்தத் தம்பிங்களுக்காக ஏத்துறேன்" என்றார் அந்த அம்மா. வெளிமாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்து, தண்ணீர் தேங்கிய வயல்களில் கம்பங்களைத் தோளில் சுமந்து சென்று நட்ட மின்வாரியத் தொழிலாளர்களைத்தான் அவர் அப்படிச் சொன்னார். கையில் இருந்த அரிசியை ஊரார் ஒன்றாகப் போட்டு அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்களாம்.

"பேரு கேக்கலீங்களே அம்மா?" என்றேன்.

"கம்பத்து மேல நின்ன புள்ளைங்ககிட்ட எங்கங்க பேரு கேக்குறது? மறைக்காட்டானுக்குத் தெரியும்."

உச்சிக்கால பூசை வரை இருந்துவிட்டுப் போகலாமே என்று கேட்டுப் பார்த்தேன். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மோட்டார் போட்டுட்டு வந்துருக்கோம் ஐயா, கடைசி வரிசைக்கு இன்னும் தண்ணி பாயல" என்று சொல்லிவிட்டு, இருவரும் கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டுப் புறப்பட்டார்கள்.