தராசு பேசும் வேகம்

ஜூன் 10, 2025

மீனாட்சிபுரம் கொப்பரைக் களத்திலிருந்து காலையிலேயே போன். "தம்பி, வேற தராசு வந்ததுல இருந்து கம்ப்யூட்டர் கிறுக்குதுங்க." போய்ப் பார்த்தால் எடை வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறியும் கட்டமுமாக ஓடுகிறது. பழைய தராசு கம்ப்யூட்டரோடு 9600 பாட் (நொடிக்கு எத்தனை சிக்னல் என்ற அளவு) வேகத்தில் பேசும். ஒரு எழுத்துக்கு எட்டு பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் கூடுதல் பிட்) கிடையாது. அது பழுதுக்குப் போனதால் வந்த மாற்றுத் தராசுக்கு 2400, ஏழு பிட், ஈவன் பாரிட்டி. எடையைப் படிக்கும் பைத்தான் நிரலுக்குள்ளேயே நான் 9600 என்று எழுதி வைத்திருந்தேன். அதைத் திருத்த கொழிஞ்சாம்பாறையிலிருந்து நானே வரவேண்டியிருந்தது. அதுவரை பன்னிரண்டு மூட்டை வாசலில் கிடந்தது, மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. கொப்பரை நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், விலை விழும். இனி இப்படி நடக்கக் கூடாது.

ஜூன் 11

போர்ட், வேகம், பிட், பாரிட்டி நான்கையும் தனி ஃபைலுக்கு மாற்றினேன். நிரலைத் தானாக ஓடவைக்கும் சிஸ்டம்டி சர்வீஸில் 'என்விரான்மென்ட்ஃபைல்' வரி அதைப் படித்து நிரலுக்குக் கொடுக்கும். பாதைக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி போட்டால், ஃபைல் இல்லாவிட்டாலும் சர்வீஸ் நிற்காது. நிரல் 9600-ஐ எடுத்துக்கொள்ளும்.

எங்கே வைப்பது என்பதில்தான் வெகுநேரம் போனது. லினக்ஸில் இப்படிப்பட்ட ஃபைலுக்கு வழக்கமான இடம் 'இடிசி' ஃபோல்டர். ஆனால் ராஸ்பெர்ரி பையின் (களத்தில் நிரல் ஓடும் சின்னக் கம்ப்யூட்டர்) மெமரி கார்டில் அந்தப் பகுதி ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் வகை. கார்டை விண்டோஸ் லேப்டாப்பில் போட்டால் திறக்காது. கார்டின் பூட் பார்ட்டிஷன் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் படிக்கும் பகுதி) விண்டோஸும் படிக்கும் ஃபேட் வகை, நோட்பேடிலேயே திருத்தலாம். களத்து ஆட்களுக்குக் கை எட்டும் இடம் அதுதான். அங்கேயே வைத்தேன்.

ஜூன் 14

கணவாய்க் காற்று. கரண்ட் மூன்று முறை போய் வந்தது. மூன்றாம் முறை ராஸ்பெர்ரி பை எழுந்தபோது தராசும் பில் பிரிண்டரும் இடம் மாறிவிட்டன. எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 'யுஎஸ்பி0' என்று பெயர் வைக்கும். இரண்டையும் யுஎஸ்பியில் இணைக்கும் கன்வெர்ட்டர்களில் ஒரே சிஎச்340 சிப், சீரியல் எண் இல்லை; சாதனத்தின் அடையாளத்தை வைத்துப் பெயர் தரும் 'பை-ஐடி' (by-id) வழியில் பிரித்தறிய முடியாது. 'பை-பாத்' (by-path) எந்தச் சொருகுவாய் என்று பார்த்துச் சொல்லும். போர்ட் வரியில் அதைப் போட்டேன். கணக்கு அக்கா அந்தச் சொருகுவாய்க்கு மேல் 'தராசு' என்று எழுதி ஒட்டினார்.

ஜூன் 19

பழைய தராசு திரும்பி வந்தது. நான் போகவில்லை. அக்காவே ராஸ்பெர்ரி பையை முறையாக அணைத்து, கார்டை எடுத்து, ஆபீஸ் லேப்டாப்பில் மூன்று வரியைத் திருத்தியிருக்கிறார். "49.6 காட்டுதுங்க தம்பி, சரிங்களா?"

சரிதான் அக்கா.

அப்புறம் ஒன்று கேட்டார்: ஒவ்வொரு வரிக்கும் மேலே அது எதற்கென்று தமிழில் எழுதி வைக்க முடியுமா? முடியும், முன்னால் ஒரு ஹேஷ் குறி (#) போட்டால் போதும், அந்த வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. ராத்திரியே எழுதி அனுப்பிவிட்டேன்.